மனைவிக்கு முடக்குவாதம்: அக்கறை எங்கே முடிகிறது, கண்காணிப்பு எங்கே தொடங்குகிறது?

மாலைத்தென்றல் (கேள்வி)

மனைவிக்கு ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், அதாவது முடக்குவாதம். நோயைக் கட்டுப்படுத்த வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை, கூடவே ஃபோலிக் ஆசிட், தேவைப்பட்டால் வலி மாத்திரை. மருத்துவத்துக்கு டாக்டர் இருக்கிறார், அதைப் பற்றிக் கேட்கவில்லை. இருவருக்கும் நடுவில் நடப்பதைப் பற்றிக் கேட்கிறேன்.

"மாத்திரை போட்டியா?" என்றால் கோபம் வருகிறது. கேட்காமல் விட்டால் "உங்களுக்கு அக்கறையே இல்லை." வலிக்கிறதா என்றால் "ஒண்ணுமில்லை", ஆனால் முகம் வேறு சொல்கிறது. வேலைகளை நானே எடுத்துச் செய்தால் "நான் என்ன உதவாக்கரையா?" செய்யாமல் விட்டால் மறுநாள் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடுகிறாள். தாம்பத்தியம் பற்றி இருவருமே வாய் திறப்பதில்லை.

பொறுமையாக இருங்கள், அன்பாக இருங்கள் என்ற பதில்கள் வேண்டாம். எதை யார் செய்வது, எப்போது பேசுவது, எப்படிப் பேசுவது என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். வேறு நோய்களுக்குப் பொருந்துவதையும் எழுதுங்கள், மற்றவர்களுக்கும் உதவும்.

---

குடும்பநல ஆலோசகர்

வணக்கம். கேட்டாலும் குற்றம், கேட்காவிட்டாலும் குற்றம் என்ற நிலை பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான் வருகிறது. நோயில் எது யார் பொறுப்பு என்று நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. அதனால் நீங்கள் ஒவ்வொரு முறை வாய் திறக்கும்போதும், இது அக்கறையா வேவு பார்ப்பதா என்று அவர் அந்த நிமிடத்தில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. உடம்பு வலியில் இருப்பவரின் தீர்ப்பு பெரும்பாலும் உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

1991-இல் கோய்ன், ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் மாரடைப்பு வந்த ஆண்களின் மனைவியரை ஆராய்ந்து, துணையின் நடத்தையை இரண்டாகப் பிரித்தார்கள். வெளிப்படையாகக் கேட்டு, பேசி, சேர்ந்து முடிவெடுப்பது ஒன்று. கவலையை மறைத்து, சண்டை வராமலிருக்க விட்டுக்கொடுத்து, ஒன்றும் நடக்காததுபோல் இருப்பது மற்றொன்று. அப்படி மறைத்த மனைவியரிடம் மனஉளைச்சல் அதிகமாக இருந்தது. பின்னால் வந்தவர்கள் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: நோயாளியால் முடிந்ததையும் செய்யவிடாத அளவுமீறிய பாதுகாப்பு. உங்கள் மனைவியின் "ஒண்ணுமில்லை" இரண்டாவது வகை. நீங்கள் எல்லா வேலையையும் பிடுங்கிச் செய்வது மூன்றாவது வகை. ஒன்று மற்றொன்றை வளர்க்கும். அவர் மறைக்கிறார் என்பதால் நீங்கள் அதிகம் பார்க்கிறீர்கள், நீங்கள் பார்க்கிறீர்கள் என்பதால் அவர் இன்னும் மறைக்கிறார்.

இதை உடைக்க முதலில் செய்ய வேண்டியது, "வலிக்கிறதா?" என்ற கேள்வியையே எடுத்துவிடுவது. அதற்குப் பதில் இரண்டு எண்கள். வலி 0 முதல் 10, தெம்பு 0 முதல் 10. தினமும் காலை விறைப்பு தளர்ந்த பிறகு அவரே ஒரு தாளிலோ சிறு பலகையிலோ எழுதி வைப்பார். வலியும் சோர்வும் இந்த நோயில் ஒன்றாகவே போகும் என்றில்லை. வலி 3, தெம்பு 2 என்ற நாள்கள் உண்டு, அந்த நாளில் "நல்லாத்தானே இருக்கே" என்ற ஒரு சொல் பெரிய சண்டையாகும். எண்ணைப் பார்த்தபின் நீங்கள் எதுவும் கேட்கக் கூடாது. வலி 7-க்கு மேல், அல்லது தெம்பு 3-க்குக் கீழ் என்றால் என்னென்ன வேலை தானாகவே உங்கள் கைக்கு வரும் என்ற பட்டியல் முன்கூட்டியே இருக்கட்டும். அன்று யாரும் யாரிடமும் கேட்கத் தேவையில்லை, யாரும் தியாகம் செய்ததாகவும் ஆகாது.

இரண்டாவது, வாரம் ஒரு முறை 30 நிமிடம். நோய் பற்றிய பேச்சு அதற்குள்தான், அன்றே முடிவெடுக்க வேண்டியது மட்டும் விதிவிலக்கு. படுக்கையில் வேண்டாம். காலை எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் வேண்டாம். மெத்தோட்ரெக்ஸேட் போட்ட மறுநாளும் வேண்டாம், குமட்டலும் அசதியும் பலருக்கு அன்றுதான் இருக்கும். போன வாரம் என்ன மாறியது, வரும் வாரத்தில் எந்த நாள் கனமான நாள், பிறகு ஆளுக்கு ஒரே ஒரு குறை. குறையைச் சொல்லும் வடிவம்: என்ன நடந்தது, அது எனக்கு எப்படி இருந்தது, அடுத்த முறை என்ன செய்ய வேண்டும். "நீங்க எப்பவும்" என்று தொடங்கினால் நிறுத்தி மறுபடி சொல்ல வேண்டும். 30 நிமிடம் ஆனதும் முடிக்காவிட்டாலும் எழுந்துவிடுங்கள், மிச்சம் அடுத்த வாரத்துக்கு. நேரம் நீண்டால் அடுத்த வாரம் இருவரில் ஒருவர் காரணம் சொல்லித் தள்ளிப்போடுவார்.

மனதில் அடைத்துக்கொண்டிருப்பதைப் பேச இன்னொரு முறை உண்டு. சுவிட்சர்லாந்து உளவியலாளர் கய் போடன்மன் தம்பதியர் பயிற்சிக்காக வகுத்தது. முதல் அரை மணி நேரம் ஒருவர் மட்டும் பேசுவார். மற்றவர் தீர்வு சொல்லக் கூடாது. கேட்டதைச் சுருக்கித் திருப்பிச் சொல்லலாம், "அதில் எது ரொம்பக் கஷ்டமாக இருந்தது?" போன்ற கேள்விகள் கேட்கலாம், அவ்வளவுதான். அடுத்த 10 நிமிடம் கேட்டவர் ஆறுதலோ யோசனையோ தருவார், ஆறுதல் முதலில். கடைசி 5 நிமிடம் பேசியவர் அது எவ்வளவு உதவியது, இன்னும் என்ன வேண்டும் என்று சொல்வார். வேறொரு நாள் இடம் மாறிக்கொள்ள வேண்டும். இங்கேதான் பல தம்பதிகள் தவறுகிறார்கள்: நோய் இல்லாதவருக்கு அந்த அரை மணி நேரம் கிடைப்பதே இல்லை. "அவளுக்கு இருக்கிற கஷ்டத்தில் நான் என்ன புலம்புவது" என்று விட்டுவிடுவார்கள். தயவுசெய்து விடாதீர்கள், உங்கள் முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

---

வாதநோய்ப் பிரிவு செவிலி

ஆலோசகர் சொன்ன 'எது யார் பொறுப்பு' என்பதை மாத்திரையிலிருந்து தொடங்குங்கள். மற்ற மாத்திரைகளை மனைவியே பார்த்துக்கொள்ளட்டும். மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு மட்டும் இரண்டு ஜோடிக் கண்கள் வேண்டும். வாரம் ஒரு முறை போட வேண்டியதைத் தினமும் போட்டு எலும்பு மஜ்ஜை பாதித்து உயிர் போன நிகழ்வுகள் உலகெங்கும் பதிவாகியுள்ளன. இதில் உங்கள் தலையீட்டுக்கு மருத்துவக் காரணம் இருக்கிறது. மனைவியிடமும் அதை அப்படியே சொல்லுங்கள்.

இப்படிச் செய்யலாம்:

1. கிழமையை முடிவு செய்து, மாத்திரை அட்டையின் மேல் முழுப் பெயரில் எழுதுங்கள். வெறும் "செ" என்று எழுதினால் யாராவது தவறாகப் படிக்க வாய்ப்புண்டு.
2. தினசரி மாத்திரைப் பெட்டிக்குள் இதைப் போடாதீர்கள். தனி டப்பா.
3. புதிய அட்டை வாங்கும்போது இருவரும் மி.கி. அளவைப் படியுங்கள். 2.5 மி.கி. மாத்திரையும் 10 மி.கி. மாத்திரையும் உண்டு. எண்ணிக்கை அதேபடி இருந்து மாத்திரை மட்டும் மாறினால் நான்கு மடங்கு மருந்து உள்ளே போகும்.
4. போட்டதும் அவர் காலண்டரில் குறி இடுவார். நீங்கள் மறுநாள் காலை காலண்டரைப் பாருங்கள். குறி இருந்தால் பேச்சே வேண்டாம். இல்லாவிட்டால் ஒரே ஒரு முறை கேளுங்கள்.

தவறவிட்டால், 2 நாளுக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் ஆனால் அந்த வாரத்தை விட்டுவிட்டு வழக்கமான கிழமையில் தொடர வேண்டும். இரட்டிப்பாகப் போடவே கூடாது. ஃபோலிக் ஆசிட்டை டாக்டர் சொன்ன கிழமையில் மட்டும். வேறு எதற்காவது ஆன்டிபயாடிக் எழுதினால் "மெத்தோட்ரெக்ஸேட் போடுகிறார்" என்று முதலில் சொல்லுங்கள். டிரைமெத்தோபிரிம், கோட்ரைமாக்சசோல் இரண்டும் இதனுடன் சேரக் கூடாதவை.

டாக்டரிடம் போகும்போது ஒரு வேண்டுகோள். மனைவி முதலில் பேசட்டும். கணவரே எல்லாம் சொல்லி, டாக்டரும் கணவரைப் பார்த்தே பதில் சொல்லி, நோயாளி நடுவில் உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்க்கிறோம். காலை விறைப்பு எத்தனை நிமிடம் என்றும், வலி 7-க்கு மேல் போன நாள்கள் எத்தனை என்று அந்தப் பலகையிலிருந்து எடுத்தும் எழுதிக்கொண்டு வாருங்கள். "பரவாயில்லை, இருக்கு" என்ற பதிலை வைத்து மருந்தை மாற்ற முடியாது, எண்ணை வைத்து முடியும். நீங்கள் சேர்க்க வேண்டியது அவருக்குத் தெரியாதவை: தூக்கத்தில் எத்தனை முறை புரள்கிறார், எந்த வேலையைச் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டார், மனநிலை எப்படி. கடைசியில் சில நிமிடம் அவர் டாக்டரிடம் தனியாகப் பேசும்படி நீங்களே வெளியே வாருங்கள்.

---

தொழில்வழிச் சிகிச்சையாளர்

"நான் என்ன உதவாக்கரையா?" என்ற கேள்விக்கு என் பதில்: வேலையை முழுதாகப் பிடுங்கவும் வேண்டாம், முழுதாக விடவும் வேண்டாம். ஒரு வேலைக்குள் எந்த அசைவு மூட்டைக் கெடுக்கிறது என்று பாருங்கள். தூக்குவது, முறுக்குவது, விரலால் இறுக்கிப் பிடிப்பது. துணி துவைப்பதில் பிழிவதும் ஈரத்துணி வாளியைத் தூக்குவதும்தான் கெடுதல். மடிப்பது அவரால் முடியும், விரல் அசைவுக்கு நல்லதும்கூட.

பாட்டில் மூடியைக் கவனியுங்கள். முடக்குவாதத்தில் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாயும். அந்தப் பக்கம் தள்ளும் எந்த முறுக்கும் சாய்வை அதிகமாக்கும். அதனால் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்து, அடியில் ரப்பர் விரிப்பு போட்டு, தோளிலிருந்து திருப்ப வேண்டும். ஆனால் பல வீடுகளில் அந்த மூடியைக் கடைசியாக இறுக்கி மூடியவர் நோய் இல்லாதவராகத்தான் இருப்பார். நீங்கள் மூடும்போது விரல் நுனியால் திருப்பும் அளவோடு நிறுத்திவிடுங்கள். குழாய்க்கும் அதேதான். இதை ஒரு உதவியாகச் சொல்லிக்காட்டவும் வேண்டாம். 2000-இல் போல்ஜரும் உடன் ஆய்வாளர்களும், கடினமான தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர்களையும் அவர்களது துணைகளையும் வைத்துச் செய்த ஆய்வில், பெற்றவர் கவனிக்காத உதவிதான் மனதை அதிகம் காத்தது. கண்ணுக்குத் தெரியும் உதவி சில சமயம் 'நம்மால் முடியவில்லை' என்பதை நினைவூட்டிவிடுகிறது.

மறுநாள் படுத்துவிடுவதற்குக் காரணம் நல்ல நாள்தான். தெம்பு இருக்கும் நாளில் தேங்கிய வேலை முழுவதையும் செய்வார், அடுத்த நாள் விழுவார், மறுபடி தேங்கும். இதற்கு அளவு கண்டுபிடிக்க வேண்டும். நின்று செய்யும் ஒரு வேலையை வலி கூடத் தொடங்கும்வரை எத்தனை நிமிடம் செய்ய முடிகிறது என்று மூன்று வெவ்வேறு நாள்களில் குறியுங்கள். சராசரி 20 நிமிடம் என்றால், அதில் 80 சதவீதம், அதாவது 16 நிமிடம்தான் தொடக்க அளவு. நல்ல நாளிலும் 16, சுமாரான நாளிலும் 16. வலியைப் பார்த்து நிறுத்தாமல் கடிகாரத்தைப் பார்த்து நிறுத்த வேண்டும். ஒரு வாரம் பிரச்சினை இல்லாமல் போனால் 10 சதவீதம் கூட்டலாம். மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும் நாள்கள் இந்தக் கணக்கில் சேராது, அன்று அந்த மூட்டுக்கு ஓய்வு. அலாரம் வைப்பது மனைவியின் கையில் இருக்கட்டும். "போதும் உட்கார்" என்று நீங்கள் சொன்னால் அது கட்டளை, அவர் வைத்த அலாரம் அடித்தால் அவருடைய முடிவு.

ஒரு வேலையை நீங்கள் எடுத்தால் முழுதாக எடுங்கள். எது தீர்ந்துபோச்சு என்று கவனிப்பது, எப்போது வாங்குவது என்று யோசிப்பது, வாங்கி வருவது மூன்றும் சேர்த்து. "என்ன வாங்கணும்னு சொல்லு, வாங்கிட்டு வரேன்" என்றால் பாதிச் சுமை இன்னும் அவர் தலையில்தான் இருக்கிறது. வலி எண் இறங்கியதும் அந்த வேலையைத் திருப்பிக் கொடுங்கள். பெரும்பாலானவர்கள் மறப்பது இதைத்தான். வாங்கிய வேலை திரும்பி வராதபோதுதான் உதவாக்கரை என்ற எண்ணம் நிலைத்துப் போகிறது.

---

மாலைத்தென்றல்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு எண் முறையை இன்றே பேசிப் பார்க்கிறேன். தாம்பத்தியம் பற்றி யாரும் எழுதவில்லையே?

---

பொது மருத்துவர்

எழுதுகிறேன், வெளிப்படையாகவே.

இரண்டு பக்கமும் வேறு வேறு பயம் இருக்கும். வலிக்கச் செய்துவிடுவேனோ என்று நீங்கள் விலகுவீர்கள். 'இனி என்மேல் விருப்பமில்லை' என்று அவர் அதைப் படிப்பார். இது ஊகிக்க விட வேண்டிய விஷயமில்லை, வாயால் சொல்ல வேண்டும்.

நேரம் முக்கியம். முடக்குவாதத்தில் அதிகாலை மிக மோசமான நேரம், இரவில் சோர்வு. பிற்பகல் போல விறைப்பும் சோர்வும் குறைந்த நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். 10, 15 நிமிட வெந்நீர்க் குளியல் மூட்டைத் தளர்த்தும். வலி மாத்திரை எப்படியும் போட வேண்டிய நாளென்றால், டாக்டர் சொன்ன அளவுக்குள், அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாகப் போட்டுக்கொள்ளலாம். மனைவியின் மணிக்கட்டிலும் தோளிலும் எடை விழும் நிலைகளைத் தவிருங்கள். இடுப்பு, முழங்கால் வலி என்றால் பக்கவாட்டில் படுப்பதும், முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பதும் உதவும். நிறுத்தவோ நிலை மாற்றவோ ஒரு சொல்லை முன்பே பேசி வைத்துக்கொண்டால் உங்கள் பயம் பாதி குறையும்.

முடக்குவாதத்துடன் சிலருக்கு ஷோக்ரன் என்ற, உடலை உலரவைக்கும் பாதிப்பும் சேர்ந்து வரும். கண், வாய் உலர்வதுபோல் பிறப்புறுப்பும் உலரும். நீர் சார்ந்த லூப்ரிகன்ட் போதும். எண்ணெய் சார்ந்தவை ஆணுறை ரப்பரைக் கெடுக்கும். இது முக்கியம், ஏனென்றால் மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கும் பெண் கருத்தரிக்கக் கூடாது, கருவுக்குப் பெருங்கேடு. நம்பகமான கருத்தடை வேண்டும். குழந்தை வேண்டும் என்றால் முயல்வதற்கு 1 முதல் 3 மாதம் முன்பே டாக்டர் சொல்படி நிறுத்தி, மாற்று மருந்துக்குப் போக வேண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நீண்ட நாள் இடைவெளி விழுந்திருந்தால் உறவைக் குறிக்கோளாக வைக்காமல் தொடங்குங்கள். பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸ், ஜான்சன் 1970-இல் வெளியிட்ட முறையின் அடிப்படை அதுதான். 15, 20 நிமிடம் தொடுதல் மட்டும், அன்று உறவு இல்லை என்று முன்பே முடிவு. எதிர்பார்ப்பு இல்லாதபோது உடல் இறுக்கம் தளரும்.

மற்ற நோயுள்ளவர்களுக்கு: மாரடைப்புக்குப் பின், இரண்டு மாடிப் படியை மூச்சு வாங்காமல், நெஞ்சு வலிக்காமல் ஏற முடிந்தால் பொதுவாக உறவுக்கு இதயம் தயார், இருந்தாலும் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர் சில்டெனாஃபில் (வயாகரா) வகை மாத்திரையைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தாக விழும். மனச்சோர்வு மாத்திரைகளில் சில ஆசையைக் குறைக்கும். சொன்னால் மாற்றித் தர வழியுண்டு, சொல்லாமல் நிறுத்தினால் மனச்சோர்வு திரும்பும்.

---

சர்க்கரைநோய்ப் பயிற்றுநர்

இன்சுலின் போடுகிறவர் வீடுகளுக்குச் சுருக்கமாக ஒன்று. சர்க்கரை இறங்கும்போது எரிச்சலும் பிடிவாதமும் வரும். அந்த நேரத்தில் தொடங்கும் சண்டையில் நியாயம் பேசிப் பயனில்லை. 'காரணமில்லாமல் கோபம் வந்தால் முதலில் சோதிப்போம்' என்று நிதானமான நாளில் ஒப்புக்கொள்ளுங்கள். 70-க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை, அதன் பிறகுதான் பேச்சு. மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. சர்க்கரையை உயர்த்தும் குளுக்ககான் மருந்து இருந்தால் கொடுத்துவிட்டு ஆம்புலன்ஸை அழையுங்கள்.

தோலில் ஒட்டும் சென்சாரின் எண்கள் துணையின் போனுக்கும் வருவதால் வரும் சண்டைதான் இப்போது அதிகம். "இப்ப 210, என்ன சாப்பிட்டே?" என்று அலுவலகத்திலிருந்து செய்தி. துணையின் போனில் உயர் அளவு அலாரத்தை அணைத்துவிடுங்கள், 55-க்குக் கீழ் எச்சரிக்கை மட்டும் போதும். உயர் அளவைச் சரிசெய்வது அவருடைய வேலை.

---

குடும்பநல ஆலோசகர்

ஒன்று விட்டுப்போய்விட்டது. மேலே எல்லோரும் சொன்னது மனைவியின் உடம்பில் மனைவியின் முடிவு என்ற அடிப்படையில். அதற்கு விதிவிலக்குகள் வேண்டும். அவற்றை அவசரத்தில் முடிவு செய்யக் கூடாது. இருவரும் நிதானமாக இருக்கும் நாளில் எழுதி வையுங்கள்: இது நடந்தால் அவர் வேண்டாம் என்றாலும் நீங்கள் அழைத்துக்கொண்டு கிளம்பலாம் என்று. செவிலி திருத்துவார், என் பட்டியல் இது: 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், புதிதாக மூச்சுத் திணறல் அல்லது வறட்டு இருமல், மெத்தோட்ரெக்ஸேட் கூடுதலாகப் போட்டுவிட்டது, வாழ்வதில் அர்த்தமில்லை என்ற பேச்சு.

உங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மனச்சோர்வைச் சோதிக்கும் பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியலைச் சில மாதங்களுக்கு ஒரு முறை இருவரும் தனித்தனியாக நிரப்புங்கள். கடந்த 2 வாரத்தைப் பற்றிக் கேட்கும், மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். தற்கொலை எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்விக்குப் பூஜ்யம் தவிர வேறு எது வந்தாலும் மொத்தத்தைப் பார்க்காமல் அன்றே போங்கள், அது உங்கள் தாளாக இருந்தாலும்.

---

வாதநோய்ப் பிரிவு செவிலி

பட்டியல் சரி. இன்னும் மூன்று சேருங்கள்: வாய்ப்புண்ணோடு தொண்டை வலி, அடிபடாமலே தோலில் கன்றிய திட்டுகள், கண் மஞ்சள். இவற்றில் எது வந்தாலும் அடுத்த மெத்தோட்ரெக்ஸேட்டைப் போடாமல் அன்றே டாக்டருக்குப் போன் செய்து கேளுங்கள். அந்தத் தாளை மாத்திரை டப்பாவுக்குள்ளேயே மடித்து வையுங்கள், மருத்துவமனைக்குக் கிளம்பும்போது டப்பாவோடு சேர்ந்து வந்துவிடும்.